மல்லர் ஹாக்கன்ஷ்மிட்

மக்கட்பிறவிக்கு வாய்த்த கருவிகளுள் தலையாயது உடம்பு. கல்வி கற்பதும், பொருள் ஈட்டுவதும், பிறர்க்கு உதவுவதும் உடம்பு துணை நின்றாலன்றி நிறைவேறா. கல்வியைப் படிப்படியாகவே பெறவேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் உடல் வலிமையைப் பற்றிப் பலர் அவ்வாறு எண்ணுவதில்லை. அது சிலர்க்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்றும், வாய்க்காதவர் அதனை முயன்று பெறுதல் இயலாது என்றும் கருதுகின்றனர். அகரம் முதலாகத் தொடங்கிய சிறுவன் ஆண்டுகள் சில சென்றபின் பெருநூல்களைப் பயில்கின்றான். அதுபோலவே, சிறு பளுவை எடுக்கத் தொடங்கும் இளைஞனும் அளவறிந்து முயன்றால் பெரும்பளுவை எடுக்க வல்லவன் ஆவான். இவ்வுண்மைக்குத் தம் வாழ்க்கையையே சான்றாகக் காட்டியவர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் என்னும் மல்லர். அவர் பெற்ற வெற்றிகளைப் போலவே அவர் அடைந்த தோல்விகளும் இளைஞர்க்கு நல்லறிவு புகட்டுவன.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் வடபகுதியில், பால்டிக் கடலின் கரையில் எஸ்தோனியா என்னும் சிறு நாடு உள்ளது. அது 19ஆம் நூற்றாண்டில் உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டின் டோர்ப்பாட் நகரில் 1877ஆம் ஆண்டு ஹாக்கன்ஷ்மிட் பிறந்தார். அந்நகரம் இக்காலத்தில் தார்த்து என்று வழங்கப்பெறுகின்றது. அவருடைய தந்தையார் செருமானிய மரபினர். துணிகளுக்குச் சாயம் தோய்க்கும் தொழில் நடத்தி வந்தவர். பெற்றோர் இருவரும் இயல்பான உடற்கட்டு உடையவரே. ஆகவே, தம் மகன் உலகம் வியக்கும் மல்லனாவான் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

பள்ளியில் பயின்ற நாளில் ஹாக்கன்ஷ்மிட் பாடங்களைக் காட்டிலும் உடற்பயிற்சியிலேயே மிகுந்த விருப்பம் கொண்டிருந்தார். ஓடுதல், தாண்டுதல், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகிய அனைத்திலும் அவர் ஈடுபட்டார். இவ்வாறு பலவகை ஆட்டங்களில் பழகியதால் அவர் உடம்பு விரைவும் நெகிழ்வும் உடையதாயிற்று. பின்னாளில் அவர் இரும்புப் பளுக்களை எடுத்து உரம் பெற்ற காலத்தும், இளமையிற் பெற்ற விரைவு அவரை விட்டு நீங்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1895ஆம் ஆண்டில் அவர் ரேவல் என்னும் துறைமுக நகருக்குச் சென்றார். தாலின் என்று இன்று பெயர் பெற்றிருப்பது அந்நகரமே. அங்கு ஒரு பெரிய பொறித்தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். மகன் பொறியாளனாகி நல்வாழ்வு வாழவேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பம். பகற்பொழுதைத் தொழிற்சாலையில் கழித்த அவர், மாலைப்பொழுதில் அந்நகரத்து உடற்பயிற்சிக் கழகத்துக்குத் தவறாது சென்றுவந்தார். முதலில் மிதிவண்டிப் பந்தயத்தில் நாட்டம் மிக்கிருந்த அவர், நாளடைவில் பளு தூக்குதலிலும் மற்போரிலும் கருத்தூன்றலானார்.

தோல்வி தந்த ஊக்கம்

அக்காலத்தில் எஸ்தோனிய நாட்டில் ஜார்ஜ் லூரிக் என்னும் மல்லர் ஒருவர் புகழ் பெற்று விளங்கினார். அவர் 1896ஆம் ஆண்டில் ரேவல் நகருக்கு வந்து, தம்மோடு பொருத வல்லார் உளரேல் வருக என்று அறைகூவினார். தம் ஆற்றலில் நம்பிக்கை கொண்டிருந்த இளைஞர் ஹாக்கன்ஷ்மிட் அவரை எதிர்த்துக் களம் புகுந்தார். ஆயினும் பழக்கமும் நுட்பமும் மிக்க லூரிக்கே வெற்றி பெற்றார்.

தோல்வியுற்ற இளைஞர் சிலர் எதிரியைப் பழிப்பர். சிலர் களத்தையே வெறுத்து ஒதுங்குவர். ஹாக்கன்ஷ்மிட் இவ்விரண்டும் செய்திலர். தம்மிடம் இல்லாதது எது என்று ஆராய்ந்தார். விரைவு தம்மிடம் உண்டு. ஆனால் எதிரியின் உடலைத் தூக்கி எறியும் வலிமையும், நெடுநேரம் தளராது நிற்கும் திறனும் இன்னும் வேண்டும் என்று உணர்ந்தார். அன்றுமுதல் பளுக்களைக் கொண்டு செய்யும் பயிற்சியில் முன்னிலும் ஊக்கமாக ஈடுபட்டார்.

ஆசானைக் கண்டமை

1897ஆம் ஆண்டில் ஹாக்கன்ஷ்மிட்டின் கையில் காயம் நேர்ந்தது. அதற்கு மருந்திட்டுக்கொள்ள அவர் மருத்துவர் ஒருவரை நாடிச் சென்றார். அவ்வேளையில் அம்மருத்துவரின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தவர் விளாடிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்னும் பெரியார். அவர் பேரரசின் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புகழ்வாய்ந்த மருத்துவர். நாற்பது வயதைக் கடந்தபின் உடற்பயிற்சியில் இறங்கி, அதன் பயனைத் தம் உடம்பிலேயே கண்டவர். 1885ஆம் ஆண்டில் பளு தூக்கும் பயிற்சிக்கென அந்நகரில் ஒரு கழகம் நிறுவியவரும் அவரே. உருசிய நாட்டுப் பளுதூக்கற் கலையின் தந்தை என்று அவரைப் போற்றுவர்.

காயத்தைக் காட்ட வந்த இளைஞரின் தோளையும் மார்பையும் கண்ட கிராயெவ்ஸ்கி வியப்பெய்தினார். அவரை நன்கு ஆராய்ந்து, கைக்காயம் தவிர வேறு குறை யாதும் இல்லை என அறிந்தார். இவ்விளைஞரை முறையாகப் பயிற்றினால் உலகத்தார் அனைவரினும் வலிமை மிக்கவராக ஆக்கலாம் என்று அவர் உள்ளத்தில் தோன்றியது. தம்முடன் தலைநகருக்கு வந்து தம் இல்லத்திலேயே தங்கிப் பயிலுமாறு அவர் அழைத்தார்.

இவ்வழைப்பு ஹாக்கன்ஷ்மிட்டின் மனத்தில் பெரும் போராட்டத்தை விளைத்தது. ஒருபுறம் நிலையான தொழில். மறுபுறம் உறுதியற்ற எதிர்காலம். பெற்றோர் மல்லர் வாழ்க்கையை விரும்பவில்லை. கைத்தொழிலைக் கைவிட்டு வெறும் உடல்வலியை நம்பிச் செல்வது அறிவுடைமை ஆகுமோ என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. நெடிது சிந்தித்தபின், தமக்கு இயல்பாக அமைந்த துறை இதுவே என்று துணிந்து, 1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆசானின் இல்லத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

பயிற்சி முறை

கிராயெவ்ஸ்கியின் இல்லம் ஒரு பயிற்சிக்கூடமாகவே விளங்கிற்று. சுவர்களில் புகழ்பெற்ற மல்லர்களின் படங்கள் தொங்கின. தரையில் பலவகைப் பளுக்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் தலைசிறந்தது பார்பெல் எனப்படும் பளுத்தண்டு. நீண்ட இரும்புத் தண்டின் இரு முனைகளிலும் இரும்புக் குண்டுகளையேனும் வட்டத் தகடுகளையேனும் பொருத்தி அமைப்பது அது. இரு கைகளாலும் பற்றி எடுப்பதற்கு ஏற்றது. ஒரு கையால் எடுக்கும் சிறிய டம்பெல்களும், பிடி அமைந்த இரும்புக் குண்டுகளும் அங்கு இருந்தன. தலைநகரில் இருந்த வலிமை மிக்காரும், அயல்நாடுகளினின்று வந்த மல்லரும் அவ்வில்லத்தில் கூடிப் பயில்வது வழக்கம்.

ஆசான் மருத்துவர் ஆதலின், அவர் வகுத்த முறை வெறும் முரட்டு முயற்சியாக இல்லை. பயில வருவோரின் நெஞ்சையும் நுரையீரலையும் முதலில் ஆராய்வார். உடம்பின் அளவுகளைக் குறித்துக்கொள்வார். புகையிலையும் மதுவும் கூடா என்பது அவர் கட்டளை. தூய காற்று, நீராடல், நிறைந்த உறக்கம், நல்லுணவு ஆகியவற்றைப் பயிற்சிக்கு ஒப்பாகவே மதித்தார். ஹாக்கன்ஷ்மிட் இவற்றையெல்லாம் தவறாது கைக்கொண்டார். அந்நாளில் அவர் நாளொன்றுக்கு 11 பைண்டு, அஃதாவது ஏறத்தாழ 6 லிட்டர், பால் பருகினார் என்பர். நாள்தோறும் கடுமையாக உழைத்த உடம்புக்கு அவ்வளவு உணவு வேண்டியிருந்தது.

பளுப்பயிற்சியின் உயிர்நிலை, சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றுதலே ஆகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இளைஞன் ஒருவன் தனக்கு எளிதாக உள்ள ஒரு பளுவை ஐந்து முறை எடுக்கின்றான் என்க. சில நாள் சென்றபின் ஆறு முறை எடுக்கின்றான். பின்னர் ஏழு, எட்டு எனப் பத்து வரை செல்கின்றான். பத்து முறை செவ்வனே எடுக்க வல்லனாயபின் பளுவைச் சிறிது கூட்டி, மீண்டும் ஐந்திலிருந்து தொடங்குகின்றான். ஒவ்வொரு படியும் சிறிது. ஓராண்டு சென்றபின் திரும்பி நோக்கினால் ஏறிய உயரமோ பெரிது.

இம்முறை பயன் தருவதன் காரணம் உடம்பின் இயல்பிலேயே உள்ளது. வழக்கத்திற்குச் சற்று மேற்பட்ட சுமையைத் தாங்கிய தசை களைப்படைகின்றது. பின்னர் உணவும் உறக்கமும் கிடைக்குங்கால், அக்களைப்பு நீங்குவதோடு முன்னிலும் சிறிது உரம் பெறுகின்றது. எனவே, வலிமை பயிற்சிக்கூடத்தில் விதைக்கப்பட்டு, ஓய்வின்போதே முளைக்கின்றது எனலாம். ஓய்வின்றி நாள்தோறும் பெரும்பளுவை எடுப்பவன் விதைத்த நிலத்தை மீண்டும் மீண்டும் உழுது முளையை அழிப்பவனை ஒப்பான்.

பளுத்தண்டும் மற்போரும்

பளு தூக்குவோர் உடல் இறுகி விரைவு குன்றுவர் என்றும், ஆகவே அது மல்லர்க்கு ஆகாது என்றும் அந்நாளில் பலர் எண்ணினர். ஹாக்கன்ஷ்மிட்டின் உடம்பே அவ்வெண்ணத்திற்கு மறுப்பாக அமைந்தது. இரு கால்களையும் சேர்த்து வைத்தவாறு மேசையைத் திரும்பத் திரும்பத் தாண்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. 50 கிலோகிராம் பளுவோடு 50 முறை பஸ்கி போட்டதும் அவர் செய்த அருஞ்செயல்களுள் ஒன்று.

மல்லனுக்கு இன்றியமையாத உறுப்புகள் காலும் இடுப்பும் முதுகும் கழுத்தும் ஆகும். எதிரியைத் தரையினின்று பெயர்த்து எடுப்பவன், கைவலியால் மட்டும் அதனைச் செய்ய இயலாது. காலை ஊன்றி, முதுகை நிமிர்த்து, உடம்பு முழுவதையும் ஒருங்கே இயக்க வேண்டும். தரையில் கிடக்கும் பளுத்தண்டை எடுக்கும் முறையும் இதுவே. தண்டு காலை ஒட்டி இருத்தல் வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும். முதுகு வளைதல் கூடாது. இவ்வாறு பழகியவன் களத்தில் எதிரியைப் பற்றும்போது, அவன் உடம்பு தானே அந்நிலையைக் கொள்கின்றது. பளுத்தண்டைக் கால்களுக்குப் பின்புறம் பற்றி, முழங்காலை மடக்கி எழும் ஒரு பயிற்சி உண்டு. அஃது இன்றும் ஹாக்கன்ஷ்மிட்டின் பெயரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகின்றது.

மல்லாந்து கிடந்த எதிரி தோள் தரையில் படாமல் தப்ப வேண்டின், தலையையும் பாதங்களையும் மட்டும் தரையில் ஊன்றி உடம்பைப் பாலம்போல் வளைத்து நிற்பான். இதற்குக் கழுத்தில் பெருவலிமை வேண்டும். ஆதலின் மல்லர்கள் இந்நிலையில் நின்று பழகுவதும், பழகியபின் அந்நிலையிலேயே பளுவை ஏந்துவதும் உண்டு. இது பிறர் துணையின்றித் தொடக்கநிலையினர் முயலத் தக்கதன்று.

தரையில் மல்லாந்து படுத்தவாறு பளுத்தண்டை மார்பின்மேல் உயர்த்துதலில் ஹாக்கன்ஷ்மிட் நிகரற்றவராக விளங்கினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் அவ்வாறு 361 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 164 கிலோகிராம், பளுவை உயர்த்தினார். அச்செயலை விஞ்ச வேறொருவர் தோன்றுதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழிந்தன.

வெற்றி மாலைகள்

ஆசானின் இல்லம் புகுந்த அவ்வாண்டிலேயே பயிற்சியின் பயன் வெளிப்பட்டது. 1898ஆம் ஆண்டில் வியன்னா மாநகரில் நடைபெற்ற போட்டிகளில் அவர் கலந்துகொண்டார். உலகப் பளுதூக்கற் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார். கிரேக்க-ரோமானிய முறை மற்போரிலோ முதலிடம் பெற்றார். இடுப்பிற்கு மேலே மட்டும் பற்றிப் பொருதல் அம்முறையின் விதி. பிரான்சு நாட்டின் பேருருவினரான பால் பொன் என்னும் மல்லரையும் அவ்வாண்டிலேயே அவர் வென்றார். இரண்டாண்டுகளுக்குமுன் ரேவல் நகரில் தோற்று நின்ற இளைஞரை ஐரோப்பா முழுவதும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிற்று.

1900ஆம் ஆண்டில் அவர் மற்போரைத் தொழிலாகக் கொண்டார். மறு ஆண்டில் அவருடைய ஆசான் கிராயெவ்ஸ்கி உலக வாழ்வை நீத்தார். உணவும் உறைவிடமும் தந்து, மகனைப்போல் பேணிய அப்பெரியாரின் மறைவு மாணவர்க்குப் பேரிழப்பாயிற்று. எனினும் அவர் கற்பித்த நெறி மாணவரோடு நின்றது. உருசியச் சிங்கம் என்னும் பட்டப்பெயரோடு அவர் நாடுதோறும் சென்று பொருதார்.

1902ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்கு வந்தார். 1904ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் ஒலிம்பியா அரங்கில் அகமது மதராலி என்னும் துருக்கி மல்லரை எதிர்த்தார். மதராலி மலைபோன்ற உடம்பினர். அவரைக் காணத் திரண்ட மக்களால் அரங்கத்திற்குச் செல்லும் தெருக்கள் நெருக்குண்டன. நெடுநேரம் போர் நிகழும் என்று எதிர்பார்த்துச் சென்றவர்கள் இருக்கையில் நன்கு அமர்வதற்குள்ளாகவே அது முடிந்தது. ஒரு நிமிடம் நிறைவதற்குள் ஹாக்கன்ஷ்மிட் அப்பேருருவினரைத் தூக்கி எறிந்தார். வீழ்ந்த மதராலியின் கைமூட்டு விலகிற்று.

1905ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரில், அமெரிக்க மல்லர் டாம் ஜென்கின்சை அவர் வென்றார். இம்முறை பொருதது உடம்பின் எப்பகுதியையும் பற்றலாம் என்னும் விதிப்படி ஆகும். இவ்வெற்றியால் அவர் உலகப் பெருமல்லராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

இரு தோல்விகள்

உயர்ந்த நிலையை அடைதலினும் அதனைக் காத்தல் அரிது. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் பிறந்த ஃபிராங்க் காட்ச் என்னும் மல்லர் அந்நாளில் பெயர் பெற்று வந்தார். 1908ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் சிகாகோ நகரில் இருவரும் பொருதனர். காட்ச்சின் ஆற்றலை ஹாக்கன்ஷ்மிட் குறைவாக மதிப்பிட்டிருந்தார். நெடும்போருக்கு வேண்டிய பயிற்சியையும் அவர் முற்றச் செய்திலர். எதிரியை விரைவில் வீழ்த்தும் பழக்கம் உடையார்க்கு நெடும்போர் நேரும் என்ற எண்ணமே எழுவதில்லை போலும்.

காட்ச் விரைந்து பொருதாரல்லர். கீழே விழாது நின்றவாறே ஹாக்கன்ஷ்மிட்டைத் தள்ளியும் இழுத்தும் களைப்படையச் செய்தார். இவ்வாறு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழிந்தது. தளர்ந்து போன ஹாக்கன்ஷ்மிட் முதற்சுற்றை விட்டுக்கொடுத்தார். மறுசுற்றுக்கு அவர் வரவில்லை. உலகப் பெருமல்லர் என்னும் சிறப்பு அன்றோடு அவர் கைவிட்டுச் சென்றது. காட்ச் தம் உடம்பில் எண்ணெய் பூசியிருந்தார் என்றும், முறைகேடாகப் பொருதார் என்றும் ஹாக்கன்ஷ்மிட் குறை கூறினார். அக்குறைபாடு எவ்வாறாயினும், இரண்டு மணிநேரம் நிற்பதற்கு ஏற்ற உடம்போடு அவர் அன்று களம் புகவில்லை. பலநாட் பயிற்சியால் ஈட்டிய உரமும், பயிற்சி குன்றியபோது குன்றவே செய்யும். அது வைப்புநிதி அன்று. நாள்தோறும் நீர் பாய்ச்சவேண்டிய பயிர்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இருவரும் மீண்டும் சிகாகோ நகரில் எதிர்ப்பட்டனர். ஏறத்தாழ முப்பதாயிரம் மக்கள் காணத் திரண்டனர். இம்முறை ஹாக்கன்ஷ்மிட் கடுமையாகப் பயின்று வந்தார். ஆனால் பயிற்சியின்போது அவருடைய முழங்கால் ஊறுபட்டது. முழங்கால் மல்லனுக்கு அச்சாணி போன்றது. அஃது உறுதியாக நில்லாதவழி, தோளின் வலிமையும் முதுகின் வலிமையும் பயன்படா. ஊறுபட்ட காலோடு பொருதல் தகாது என்று அறிந்தும், குறித்த நாளில் அவர் களம் புகுந்தார். போர் அரைமணி நேரமும் நீடிக்கவில்லை. அடுத்தடுத்து இருமுறை வீழ்த்தப்பட்டு அவர் தோற்றார்.

முன்னைய தோல்வி பயிற்சியின் குறைவால் விளைந்தது. பின்னையது புண்பட்ட உறுப்புக்கு ஓய்வு அளிக்காததால் விளைந்தது. அளவிற் குறைதலும் அளவு கடத்தலும் ஒருங்கே கேடு தரும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாயின. ஏற்றத் தகும் சுமையை அறிவது எவ்வளவு இன்றியமையாததோ, இறக்கிவைக்க வேண்டிய வேளையை அறிவதும் அவ்வளவு இன்றியமையாதது.

எழுத்தும் முதுமையும்

மற்போர்க் களத்தைவிட்டு நீங்கிய ஹாக்கன்ஷ்மிட் சோர்ந்து ஒடுங்கினாரல்லர். 1908ஆம் ஆண்டிலேயே, உடல்நலத்தோடு வாழும் வழியை விளக்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்திருந்தது. ஆசானிடம் கற்றவற்றையும் தாம் பட்டறிந்தவற்றையும் அதில் இளைஞர்க்கு எடுத்துரைத்தார். எப்பளுவிலிருந்து தொடங்குவது, எவ்வாறு ஏற்றுவது, எங்ஙனம் மூச்சுவிடுவது, எவ்வுணவு கொள்வது என்பனவெல்லாம் அதில் அடங்கும். அந்நூல் பலமுறை பதிப்பிக்கப்பெற்று, பல நாட்டு இளைஞர்க்கும் வழிகாட்டிற்று.

பின்னாளில் அவர் உள்ளம் மெய்ப்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்டது. உடம்புக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1930களில் நூல்கள் எழுதினார். களத்தில் எதிரியைத் தூக்கி எறிந்த கைகள் எழுதுகோல் ஏந்தின. பளு தூக்கிய மல்லர் நூலறிவில் நாட்டம் கொள்ளார் என்னும் எளிய எண்ணத்தையும் அவர் பொய்யாக்கினார். முதுமையிலும் அவர் உடற்பயிற்சியைக் கைவிடவில்லை. எண்பது வயதைக் கடந்த பின்னரும் நாற்காலியின்மேல் தாண்டிப் பழகினார் என்பர். 1968ஆம் ஆண்டு பிப்பிரவரி 19ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், இலண்டனில் அவர் இயற்கை எய்தினார்.

இளைஞர் கொள்ளத் தக்கன

ஹாக்கன்ஷ்மிட்டின் காலத்திற்குப் பின் உடலியல் அறிவு பெரிதும் வளர்ந்துள்ளது. சிறுவர் பளு எடுத்தால் உயரம் குன்றுவர் என்னும் அச்சம் நெடுநாள் நிலவிற்று. தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில், சிறு பளுக்களைக்கொண்டு, செவ்விய நிலையில் பயின்றால் அவ்வாறு கேடு நேர்வதில்லை என்று இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். இளம்பருவத்தில் வலிமை பெருகுவது தசை பருப்பதனால் அன்று. பெரும்பாலும் நரம்புகள் தசைகளை இயக்கப் பழகுவதனாலேயே ஆகும். ஆதலின் அப்பருவத்தில் பளுவின் மிகுதியைக் காட்டிலும் எடுக்கும் முறையின் தூய்மையே கருதத் தக்கது. சிறுவன் தன்னால் எடுக்க இயலும் பேரெல்லையை ஆராயப் புகுதல் தீங்கு. தோழர்முன் பெருமை காட்டுதற்பொருட்டுப் பளுவை ஏற்றுதல் அதனினும் தீங்கு.

மற்போர் பயிலும் மாணவன் முதலில் மருத்துவரைக் கண்டு தன் உடல்நிலையை அறிந்துகொள்ள வேண்டும். பின்னர் வெறுந்தண்டைக்கொண்டே நிற்கும் நிலையையும் எடுக்கும் முறையையும் பழக வேண்டும். இரு பயிற்சிகளுக்கு இடையே ஓய்வுநாள் விடவேண்டும். ஆசிரியரோ தோழரோ அருகில் இல்லாதபோது பெரும்பளுவைத் தொடலாகாது. மூட்டில் வலி தோன்றின் அதனை மறைத்துப் பயில்வது ஆண்மை ஆகாது. சிகாகோ களத்தில் ஊறுபட்ட காலோடு நின்ற பெருமல்லரை அப்போது நினைவு கூர்தல் நன்று.

இயல்பான பெற்றோர்க்குப் பிறந்து, இருபது வயதுவரை தொழிற்சாலையில் பழகுநராக இருந்த ஒருவர், முறையான உழைப்பால் உலகின் முதல் மல்லராக உயர்ந்தார். அவரை உயர்த்தியது ஒருநாள் எடுத்த பெரும்பளு அன்று. பலநாள் ஏற்றிய சிறுசிறு பளுக்களே. பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவன் செல்வன் ஆதல்போல, வலிமையைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவன் வல்லவன் ஆவான். அவ்வாறு சேர்த்த வலிமையை அளவறிந்து காத்து, அடக்கத்தோடு வாழ்வதே இளைஞர் மேற்கொள்ளத்தக்க நெறியாகும்.